முதல் மாரத்தான் ஓடுபவர்களுக்கு: வழியில் என்னென்ன கோளாறு வரும், வந்தால் என்ன செய்வது

2015 பெர்லின் மாரத்தானில் கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகேயின் காலணிகளுக்குள் இருந்த உள்தட்டுகள் நழுவி, பாதி வெளியே வந்து, ஓட்டத்தின் பெரும்பகுதி நேரம் குதிகாலருகே படபடத்துக்கொண்டே இருந்தன. அவர் நிற்கவில்லை, 2 மணி 4 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். முதல் மாரத்தான் ஓடும் ஒருவர் அவரைப் பின்பற்றக்கூடாத இடம் இதுதான். பரிசுக்காக ஓடுபவருக்குச் சில வினாடிகளே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். ஐந்து மணி நேரத்தில் முடிக்க எண்ணுபவருக்கு, சிறு கோளாறு தென்பட்டவுடன் ஓரமாக ஒதுங்கிச் சரிசெய்துகொள்ள இரண்டு நிமிடம் தாராளமாக இருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்க மனமில்லாமல் ஓடியே, பலர் கடைசிப் பத்து கிலோமீட்டரை நொண்டிக்கொண்டு கடக்கிறார்கள்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 10 கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓடக்கூடியவருக்கு நான்கைந்து மாதப் பயிற்சி வேண்டும். வார இறுதியின் நீண்ட ஓட்டத்தைப் படிப்படியாக 30 கிலோமீட்டர் வரை உயர்த்தி, கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்து உடலைத் தேற விட வேண்டும். இந்த நீண்ட ஓட்டங்களை ஒத்திகையாகவே கருதுங்கள். ஓட்ட நாளில் அணியப்போகும் காலணி, காலுறை, பனியன், இடையில் சாப்பிடப்போகும் ஜெல் (சிறு பொட்டலத்தில் வரும் மாவுச்சத்துக் கூழ்) அல்லது பேரீச்சம்பழம், காலையில் உண்ணும் இரண்டு இட்லி என அனைத்தையும் இவற்றில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு முந்தைய நாள் ஓட்டப் பொருள்கள் விற்கும் கண்காட்சியில் தள்ளுபடியில் கிடைத்தது என்று வாங்கிய புதுக் காலணியை மறுநாள் போட்டுக்கொண்டு ஓடுவதைவிடப் பெரிய தவறு வேறில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில், கிடைத்த புதுக் காலணிகள் காலுக்கு ஒத்துவராததால் வெறுங்காலுடனேயே ஓடித் தங்கம் வென்றார் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. வெறுங்காலில் ஓடுவது அவருக்குப் பழக்கமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

சென்னை மாரத்தான் ஜனவரியில், விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. ஊரிலேயே குளிர்ந்த மாதம் என்றாலும் கடலோரக் காற்றின் ஈரப்பதம் குறைவதில்லை. வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிவதால் உரசல் புண் எளிதில் வரும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாஸ்லின் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். ஆண்கள் மார்புக் காம்புகளின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வது நல்லது. பனியனில் இரத்தக் கறையோடு எல்லைக்கோட்டைக் கடப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அறிவுரை சிரிப்பாகத் தோன்றாது. பிப் எனப்படும் எண் அட்டையை முதல்நாள் இரவே பனியனில் நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி வைத்துவிடுங்கள். நேரம் பதியும் சிப் பெரும்பாலும் அதன் பின்புறத்திலேயே ஒட்டப்பட்டிருக்கும் என்பதால் அட்டையை மடிக்கவோ கசக்கவோ கூடாது. கழிப்பறை வரிசை நீளமாகவே இருக்கும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். தாமதமாக வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றாலும் பதற வேண்டாம், தொடக்கக் கோட்டை நீங்கள் மிதிக்கும் கணத்திலிருந்துதான் சிப் உங்கள் நேரத்தைக் கணக்கிடுகிறது.

ஐந்து மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 நிமிடம் 6 வினாடி ஆகும்; அதாவது 10 கிலோமீட்டரில் 1 மணி 11 நிமிடம், பாதித் தூரத்தில் இரண்டரை மணி நேரம். இந்த இரண்டு எண்களை மனத்தில் பதித்துக்கொண்டால் கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் பாதியில் கைவிட்டாலும் கவலையில்லை. சாலையோரக் கிலோமீட்டர் பலகையும் நேரமும் போதும். முதல் ஐந்து கிலோமீட்டரில் எல்லோரும் உங்களை முந்திச் செல்வார்கள், செல்லட்டும்.

காலில் ஓரிடம் சூடாக எரியத் தொடங்கினால் அது கொப்புளத்தின் முன்னறிவிப்பு. உடனே ஒதுங்கி, காலுறையைக் கழற்றி மணல் இருந்தால் தட்டி, மடிப்பை நீவி, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டி, காலணி நாடாவை மறுபடி கட்டுங்கள். இதற்காகவே இரண்டு பிளாஸ்டரைக் கால்சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். நாடா அவிழ்ந்தால் நடைபாதை விளிம்பில் காலை ஊன்றிக் கட்டுங்கள், சாலை நடுவே குனிந்தால் பின்னால் வருபவர் உங்கள் மேல் விழுவார்.

தண்ணீர் தருமிடத்தில் முதல் மேசையில் நெரிசல் அதிகம், கடைசி மேசைக்குப் போங்கள். தாள் குவளையின் வாயைப் பிதுக்கிக் கூம்புபோல் ஆக்கிக்கொண்டால் மூக்கில் ஏறாமல் குடிக்கலாம். எவ்வளவு குடிப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். வெறும் தண்ணீரை மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தான் முடிவில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கமும் வேண்டாம், இபுப்ரூஃபன் போன்றவை நீரிழந்த உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து பலருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகும். கால் கனக்கும், காரணமின்றி அழுகை வரும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். அதைத் தள்ளிப்போட, பசிக்கும் வரை காத்திராமல் முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உட்கொண்டு வர வேண்டும். நிலைமை வந்தேவிட்டால், இனிப்பாக ஏதாவது உண்டு, ஐந்து நிமிடம் நடந்து, பிறகு சற்றுத் தூரம் ஓடுவதும் சற்று நடப்பதுமாகத் தொடருங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் சுவரிலோ கம்பத்திலோ கை ஊன்றி, குதிகால் தரையில் பதிய மெல்ல நீட்டுங்கள். பிடிப்பு விட்டதும் பழைய வேகத்துக்குப் போகாதீர்கள். வயிறு கலங்கினால் வேகத்தைக் குறைத்து ஜெல்லை நிறுத்திவிட்டுச் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. நெஞ்சு வலி, மயக்கம், வார்த்தை குழறுதல், நடை தள்ளாடுதல், ஓரிடத்தில் குத்தும் எலும்பு வலி ஆகியவை அப்படிப்பட்டவையல்ல. அங்கேயே நின்று தன்னார்வலரையோ மருத்துவக் குழுவையோ அழையுங்கள். உடன் ஓடுபவர் உளறுவதையோ திசை தெரியாமல் திரும்புவதையோ கண்டால் வெப்பத்தாக்காக இருக்கலாம், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்திக் குளிர்நீரையும் பனிக்கட்டியையும் உடலெங்கும் பயன்படுத்த வேண்டும்.

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாதீர்கள். திடீரென நின்றால் இரத்தம் கால்களிலேயே தேங்கித் தலை சுற்றும். பத்து நிமிடமாவது மெல்ல நடந்து, கொடுக்கும் வாழைப்பழத்தையும் உப்புச் சுவையுள்ள எதையாவதும் உண்ணுங்கள். வீட்டுக்கு நீங்களே பைக் ஓட்டிச் செல்லும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், சிக்னலில் காலூன்றும்போது தொடை பிடித்துக்கொள்ளும். முன்கூட்டியே யாரையாவது வரச் சொல்லுங்கள், அல்லது ஆட்டோவுக்குப் பணத்தைப் பிப்பின் பின்னால் ஒட்டி வையுங்கள், சிப்பை மட்டும் மறைத்துவிடாமல்.