மீட்புப் புள்ளிகளை எத்தனை நாள் வைத்திருப்பது, எப்படிக் கழிப்பது

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் அமர்ந்துகொண்டு நிறுவனத்தின் சர்வர்களை அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனில் நடத்தும் நம்மவர்கள் பலர், பேக்கப் எடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதைக் கழிப்பதில் காட்டுவதில்லை. ஒவ்வொரு முறை எடுக்கும் பேக்கப்பும் ஒரு மீட்புப் புள்ளி; பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பிரதி அது. பில் ஏறிய பிறகு அவசரமாக அழிப்பது ஆபத்து. காலக்கெடுவை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

அமேசானின் பேக்கப் சேவையான ஏடபிள்யூஎஸ் பேக்கப்பின் திரையைத் திறக்கும் முன் கணக்குப் பிரிவினரிடம் பேசுங்கள். கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்கச் சொல்கிறது. அதற்காக எல்லா சர்வர்களின் தினசரிப் பேக்கப்பையும் 8 ஆண்டுகள் தேக்கி வைக்க வேண்டியதில்லை. தினசரிப் புள்ளிக்கு 35 நாள், மாதப் புள்ளிக்கு ஓராண்டு, கணக்கு டேட்டாபேஸின் ஆண்டிறுதிப் புள்ளிக்கு மட்டும் 8 ஆண்டு என்று தனித்தனி விதிகள் எழுதுவதே என் பரிந்துரை. எந்த நேரத்துக்கும் திரும்பும்படி மாற்றங்களை இடைவிடாமல் பதியும் தொடர் பேக்கப்புக்கு எப்படியும் 35 நாள்தான் உச்சவரம்பு. கோல்ட் ஸ்டோரேஜுக்கு (அரிதாக எடுப்பவற்றுக்கான மலிவான சேமிப்புக்கு) மாற்றிய புள்ளி அங்கே குறைந்தது 90 நாள் இருந்தாக வேண்டும் என்பதால், 30ஆம் நாள் மாற்றினால் காலாவதியை 120ஆம் நாளுக்கு முன்னால் வைக்க இயலாது.

பலரும் தவறவிடும் இடம் இதுதான்: பேக்கப் பிளானில் (எப்போது எடுப்பது, எத்தனை நாள் வைப்பது என்ற விதித்தொகுப்பில்) காலக்கெடுவைக் குறைத்தால், அது இனி உருவாகும் புள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தும், வால்ட்டில், அதாவது புள்ளிகளைச் சேமிக்கும் பெட்டகத்தில், ஏற்கெனவே இருப்பவை பழைய கெடுவின்படியே இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துதான் திருத்த வேண்டும். காலக்கெடு குறிக்காமல் கையால் எடுத்த பேக்கப்போ யாராவது அழிக்கும்வரை அப்படியே கிடக்கும்.

கெடு முடிந்தாலே புள்ளி அழிந்துவிட்டது என்றும் நம்பிவிடக் கூடாது. பேக்கப் எடுத்த ஐஏஎம் ரோலை (அந்தச் சேவைக்குத் தந்த அனுமதிகளின் தொகுப்பை) யாரேனும் நீக்கியிருந்தாலோ, அதன் அனுமதியைக் குறைத்திருந்தாலோ, தானாக அழிக்கும் வேலை தோற்று, அந்தப் புள்ளி 'எக்ஸ்பயர்டு' என்ற நிலையில் நின்றுவிடும், கட்டணமும் தொடரும். ஆகவே மாதம் ஒருமுறை ஒவ்வொரு வால்ட்டையும் திறந்து, இந்த நிலையில் நிற்பவற்றைத் தேடி, உரிய அனுமதியுள்ள ரோலைக் கொண்டு கையால் அழியுங்கள். டிஸ்க் ஸ்னாப்ஷாட்டுகள் (டிஸ்க்கின் பேக்கப் பிரதிகள்) முந்தையதிலிருந்து மாறிய பகுதிகளை மட்டுமே சேமிப்பதால், ஒன்றை அழித்ததும் பில் அதே அளவுக்கு இறங்காது.

புள்ளிகளைக் கெடுவுக்கு முன் யாரும் அழிக்காதபடி வால்ட் லாக் என்ற பூட்டைப் போடுவதானால், உரிய அனுமதி உள்ளவர் பூட்டை நீக்கக்கூடிய கவர்னன்ஸ் முறையில் முதலில் சோதித்துப் பாருங்கள். கம்ப்ளையன்ஸ் முறையில் பூட்டை நீக்கவோ மாற்றவோ குறைந்தது 3 நாள் அவகாசம் உண்டு; அது கடந்தபின், முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கு வைத்திருப்பவராலும் பூட்டைத் திறக்க முடியாது. பூட்டில் குறித்த குறைந்தபட்சக் கெடுவைவிடப் பிளானின் கெடு குறைவாக இருந்தால் அன்றைய பேக்கப்பே தோற்றுவிடும் என்பதால், இரண்டு எண்களையும் அருகருகே எழுதி ஒப்பிட்ட பிறகே பூட்டுங்கள்.