இலவச சட்ட உதவிக்குப் போகும் முன் ஏஐயிடம் ஒரு வேலை வாங்குங்கள்

இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகிறவர்கள் பலரும் கதையை நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். வக்கீல் தேதி கேட்டால் பையைத் துழாவ வேண்டியதுதான். இந்த இடத்தில் சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரியான ஏஐ நன்றாகவே கைகொடுக்கும். நடந்ததைப் பேச்சுத் தமிழிலேயே கொட்டிவிட்டு, "இதைத் தேதி வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுது, நான் சொல்லாததைச் சேர்க்காதே, என்ன விவரம், என்ன ஆவணம் குறைகிறது என்று என்னிடமே கேள்" என்று சொல்லுங்கள். வாடகை அட்வான்ஸ் திரும்பி வராத பிரச்சினை என்றால் ஒப்பந்தத் தேதி, பணம் கொடுத்த விதம், சாவியை ஒப்படைத்த நாள் என்று தோண்டிக் கேட்கும். பெயருக்குப் பதில் 'வீட்டு ஓனர்' என்றாலே போதும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் வேண்டவே வேண்டாம்.

சட்டப்பிரிவு, முன்தீர்ப்பு விஷயத்தில் மட்டும் அதை நம்பிவிடாதீர்கள். சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளைத் தாக்கல் செய்த நியூயார்க் வக்கீல்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. சட்டப்பிரிவு, தீர்ப்பு எல்லாம் உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அப்புறம், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இந்த இலவச உதவி பெற வருமான வரம்பு கிடையாது. விசாரிக்க சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.