கவுன்ட்டி கோர்ட்டில் கிரிமினல் பதிவு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸில் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற பகுதி) கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்குப் பதிவுகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் தொழில். வழக்கு ஆவணங்களை வைத்திருக்கும் கிளார்க் ஆபீஸில் பொதுமக்களுக்கென்று சில கம்ப்யூட்டர்களைப் போட்டிருப்பார்கள். அங்கே புதிதாக வந்து உட்காருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டை வாடகைக்கு விடப் போகிறவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர், இந்தத் தொழிலுக்கே புதிதாக வந்த பிள்ளைகள் என்று பலர். ஆரம்பத்தில் நான் இடறிய இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். ஸ்பெல்லிங்கைச் சரிபாருங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியவரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

நாடு முழுவதற்கும் ஒரே தேடல் உண்டு என்று நம்புவது

கிடையாது. எஃப்பிஐ வைத்திருக்கும் என்சிஐசி தகவல்தளம் போலீஸ் போன்ற அமைப்புகளுக்கானது, நம்மைப் போன்றவர்களுக்குத் திறக்காது. பேசர் என்ற தளம் பக்கத்துக்கு 10 சென்ட் வாங்கிக்கொண்டு ஃபெடரல் கோர்ட் வழக்குகளைக் காட்டும். ஆனால் திருட்டு, அடிதடி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்ற வழக்குகளில் பெரும்பாலானவை மாநிலச் சட்டத்தின் கீழ் கவுன்ட்டியில் நடப்பவை. அவை அதில் வராது. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்ட்டிகள் இருக்கின்றன. "நேஷனல் செர்ச்" என்று பணம் வாங்கும் தனியார் தளங்கள், அவற்றில் எங்கெங்கு தரவு கிடைத்ததோ அதை மட்டும் சேர்த்து வைத்திருக்கின்றன. எங்கே தேடலாம் என்ற துப்புக்கு அது உதவும், அதற்கு மேல் நம்பாதீர்கள்.

குடியிருக்கும் கவுன்ட்டியில் மட்டும் தேடுவது

ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்று பார்த்து வழக்குப் போடுவதில்லை. குற்றம் எங்கே நடந்ததாகச் சொல்லப்படுகிறதோ, அந்தக் கவுன்ட்டியில்தான் வழக்கு. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஃபிரிஸ்கோ கொலின், டென்டன் என்று இரண்டு கவுன்ட்டிகளில் கிடக்கிறது. டல்லஸ் நகரம் ஐந்து கவுன்ட்டிகளைத் தொடுகிறது. நியூயார்க்கில் புரூக்ளின் என்றால் கிங்ஸ் கவுன்ட்டி. பால்டிமோர் நகரமும் பால்டிமோர் கவுன்ட்டியும் தனித்தனி. நகரத்தின் பெயரை வைத்துக் கவுன்ட்டியைத் தீர்மானித்தால் தப்பான கதவைத்தான் தட்டுவீர்கள்.

சரியான கவுன்ட்டிக்கு வந்த பிறகும் எந்த ஜன்னல் என்று பார்க்க வேண்டும். டல்லஸ் கவுன்ட்டியில் ஃபெலனி (பெரிய குற்றம்) வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம், மிஸ்டிமீனர் (சிறிய குற்றம்) வழக்குகள் கவுன்ட்டி கிளார்க்கிடம். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டியில் இரண்டுமே டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். அபராதத்தோடு முடியும் கிளாஸ் சி வழக்குகள் இந்த இரண்டு ஜன்னல்களிலும் சாதாரணமாகக் கிடைக்காது, அவற்றுக்கு ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டுக்கோ முனிசிபல் கோர்ட்டுக்கோ போக வேண்டும். ஒரு ஜன்னலில் "பதிவு இல்லை" என்று சொன்னதும் கிளம்பிவிடுகிறவர்கள் அதிகம்.

தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போடுவது

ஃபெடரல் தகவல் சட்டம் கோர்ட்டுகளுக்குப் பொருந்தாது. நேராகக் கிளார்க்கிடம் கேளுங்கள்.

குற்றச்சாட்டைப் படித்துவிட்டு முடிவைப் படிக்காமல் எழுந்துபோவது

என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். இதனால் அடிபடுவது தேடியவர் இல்லை, தேடப்பட்டவர்.

ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு விண்ணப்பித்த இளைஞரின் பெயரைத் தேடினார். திரையில் ஒரு வரி வந்தது: கேஸ் நம்பர், பெயர், பிறந்த தேதி, "அக்ரவேட்டட் அசால்ட்" (கடுமையான தாக்குதல்), இரண்டாம் தர ஃபெலனி, நிலை "டிஸ்போஸ்ட்". அதை அப்படியே போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடு வேறொருவருக்குப் போனது. சில வாரங்கள் கழித்து அந்த இளைஞர், தன் பதிவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். அந்த வரியைச் சொடுக்கி உள்ளே போனால் கடைசியில் "நோ பில்" என்றிருந்தது. அதாவது கிராண்ட் ஜூரி (வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) அரசுத் தரப்பு வைத்ததைப் பார்த்துவிட்டு, விசாரணைக்கு அனுப்பவே போதுமான முகாந்திரம் இல்லை என்று திருப்பிவிட்டது. அவர் மீது குற்றப்பத்திரிகையே தாக்கலாகவில்லை. இன்னும் ஒரே ஒரு கிளிக் செய்ய வேண்டியிருந்தது, அதைச் செய்யாததால் ஒரு மனிதனுக்கு வீடு போனது. நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

"டிஸ்போஸ்ட்" என்றால் வழக்கு முடிந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். தண்டனையில் முடிந்தாலும், விடுதலையில் முடிந்தாலும், தள்ளுபடியானாலும் அங்கே அதே சொல்தான் இருக்கும். முதல் வரியில் தெரிவது போலீஸும் அரசுத் தரப்பும் தொடக்கத்தில் என்ன சொன்னார்கள் என்பது. கோர்ட் என்ன சொன்னது என்று தெரிய உள்ளே போய்த் தீர்ப்பு ஆவணத்தையே படிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "டிஸ்மிஸ்ட்" என்று கண்டதும் ஆள் சுத்தம் என்று எழுதிவிடுவது. டெக்சஸில் தள்ளுபடி கேட்டு அரசு வக்கீல் போடும் மனுவில் காரணங்களுக்கு வரிசையாகக் கட்டங்கள் இருப்பது வழக்கம். சாட்சியம் போதவில்லை, புகார் கொடுத்தவரே கேட்டுக்கொண்டார், வேறொரு வழக்கில் தண்டனை கிடைத்துவிட்டது, வழக்கு மறுபடி தாக்கல் செய்யப்பட்டது என்று இருக்கும். எந்தக் கட்டத்தில் குறி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஃபெலனியாகத் தொடங்கிய வழக்கு மிஸ்டிமீனராகக் குறைந்து, புது நம்பரோடு வேறு கோர்ட்டில் நடந்து முடிந்திருக்கலாம். பழைய நம்பரை மட்டும் படித்தவருக்கு வழக்கே இல்லாதது போலத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவையும் இருக்கின்றன. டெக்சஸில் டெஃபர்டு அட்ஜுடிகேஷன் என்றால், குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைத்து நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுகிறார். ஒழுங்காக முடித்தால் தள்ளுபடி, தவறினால் தீர்ப்பு. ஃப்ளோரிடாவில் இதற்குப் பக்கத்தில் வருவது "அட்ஜுடிகேஷன் வித்ஹெல்ட்". மேரிலாந்தில் "ஸ்டெட்" என்று போட்டிருந்தால் வழக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், முடிக்கவில்லை. ஒரு மாநிலத்தில் பழகிய கண்ணோடு இன்னொரு மாநிலத்துப் பதிவைப் படிக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு அந்த மாநிலத்தில் என்ன பொருள் என்று கிளார்க் ஆபீஸிலேயே கேட்கலாம். சட்ட ஆலோசனை தர மாட்டார்கள், சொல்லுக்கு விளக்கம் சொல்வார்கள்.

முடிவுக்கான இடம் காலியாக இருந்தால்? பழைய வழக்குகளில் இது சகஜம். கம்ப்யூட்டரில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள், காகித ஃபைலோ மைக்ரோஃபிலிமோ கிடங்கில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை "முடிவு தெரியவில்லை" என்று எழுதுங்கள். வேறு எதையும் எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

பெயர் பொருந்தியதும் ஆளும் பொருந்திவிட்டதாக நினைப்பது

நம் பெயர்களில் இது இரட்டைச் சிக்கல். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுகிறது, சொந்தப் பெயர் கடைசிப் பெயராகிவிடுகிறது. கோர்ட்டிலும் அப்படியே ஏறலாம். அப்பா பெயர் முன்னால், இனிஷியல் பின்னால், நீளமான பெயர் பாதியில் வெட்டப்பட்டு என்று எல்லா விதமாகவும் தேடுங்கள். அப்புறம் பிறந்த தேதியை ஒத்துப்பாருங்கள். கலிஃபோர்னியாவில் அதுவும் கடினம். ரிவர்சைடு கவுன்ட்டி வழக்கில் 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கோர்ட்டின் மின்னணு அட்டவணையைப் பிறந்த தேதியையோ டிரைவிங் லைசென்ஸ் நம்பரையோ வைத்துப் பொதுமக்கள் தேட விடக்கூடாது என்று சொல்லிவிட்டது.

கைதானபோது ஜெயிலில் எடுத்த படத்தைக் குற்றத்துக்குச் சான்றாக எடுப்பது

கைதானதற்குத்தான் அது சான்று.

ரிப்போர்ட் எழுதி விற்கத் தொடங்குவது

தெரிந்தவர்களுக்குத் தேடிக் கொடுத்து, அதற்குப் பணமும் வாங்கத் தொடங்கினால் எஃப்சிஆர்ஏ என்ற, பின்னணி ரிப்போர்ட் விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் ஃபெடரல் சட்டத்துக்குள் வந்துவிடலாம். 1970-ல் வந்த இந்தச் சட்டத்தின்படி, பெரும்பாலான வேலைகளுக்கான ரிப்போர்ட்டில் ஏழு வருடத்துக்கு முந்தைய, தண்டனையில் முடியாத கைதைக் காட்டக்கூடாது. வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

சொந்தப் பதிவை அழித்த பிறகு நகல் தேடுவது

மாணவர்களும் எச்-1பி விசாவில் இருப்பவர்களும் இதைக் கவனமாகப் படியுங்கள். வழக்கு தள்ளுபடியானதும் எக்ஸ்பங்ஷன் மனுப் போட்டுப் பதிவை அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது குடியேற்றத் துறை, அழிக்கப்பட்ட வழக்குக்கும் கோர்ட் முடிவின் சான்றிட்ட நகலைக் கேட்கும். டெஃபர்டு அட்ஜுடிகேஷன் முடித்தவர்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து. டெக்சஸ் அதைத் தண்டனையாகக் கருதாவிட்டாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு கண்காணிப்பில் இருந்தாலே குடியேற்றச் சட்டம் 1996-லிருந்து அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மனுப் போடுவதற்கு முன்பே குற்றச்சாட்டு, தள்ளுபடி ஆணை, தீர்ப்பு எல்லாவற்றிலும் கிளார்க் முத்திரை பதித்த நகல்களை இரண்டு செட் வாங்கி வையுங்கள். குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் அவற்றைக் காட்டுங்கள். அழித்த பிறகு போய்க் கேட்டால், அப்படி ஒரு வழக்கு தங்களிடம் இல்லை என்றுதான் கிளார்க் ஆபீஸில் சொல்வார்கள்.