கண் விழித்ததும் நெஞ்சு படபடக்கிறதா? நான் செய்து பார்த்தது

போன வருஷம் ஏழெட்டு மாதம் விடிகாலை நாலரைக்கே முழிப்பு வந்துவிடும். காரணம் ஒன்றும் இருக்காது. ஆனால் அடிவயிற்றைப் பிசையும், நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும். இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது. அதே பாடு படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கார்டிசால் என்ற ஹார்மோன், எழுந்த 30 முதல் 45 நிமிடத்துக்குள் பெரும்பாலானோருக்கு நன்றாக ஏறும். உடம்பை அன்றைய வேலைக்குத் தயார் செய்வதில் அதற்குப் பங்குண்டு. ஏற்கெனவே கவலையில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் படபடப்பு கூடுதலாகத் தெரியலாம். இதைப் படித்த அன்றே எனக்குப் பாதி பயம் போனது.

1. செல்போன் படுக்கையறைக்கு வெளியே. அலாரத்துக்குச் சாதா டைம்பீஸ் போதும்.

2. மூச்சு. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். எல்லோரும் "நல்லா மூச்சை இழுத்து விடு" என்றார்களே என்று, நெஞ்சு நிறைய வேகவேகமாக இழுத்தேன். ரெண்டே நிமிடத்தில் விரல் நுனி மரத்து, உதட்டைச் சுற்றிச் சுருசுருவென்று ஏறி, தலை கிறுகிறுத்தது. மாரடைப்போ என்று நடுங்கிவிட்டேன். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து இப்படி ஆகும். கவனம் விடும் மூச்சில்தான் இருக்க வேண்டும். மூக்கால் சாதாரணமாக நாலு எண்ணும்வரை இழுங்கள். சூடான காபியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

3. படுத்தபடி யோசிக்காதீர்கள். எழுந்து வெளிச்சத்துக்கு வந்து, ஓடுகிற கவலைகளை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்றைக்கு முடிகிற ஒரே ஒரு வேலை. "வீட்டு லோன்" என்பதற்கு எதிரே நான் எழுதியது: "11 மணிக்கு பேங்குக்கு போன்." இதற்கு ஆப் வேண்டாம் என்பேன். போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பில்தான் போய் நிற்போம்.

4. காபியை டிபனுக்குப் பிறகு குடியுங்கள். வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் டிகாக்ஷன் எனக்குப் படபடப்பை ஏற்றியது.

பின்சேர்க்கை: "அஞ்சு மணிக்கு அடுப்படியில் நிற்கணும், உட்கார எங்கே நேரம்?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். பால் பொங்கும்வரை நின்றபடியே மூச்சை எண்ணுங்கள் அக்கா, அது போதும். இன்னொருவருக்கு ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாக இருந்ததாம். அதனாலும் படபடப்பு வரும். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.