பெட்ரோல் முள்ளை முழுசா நம்பாதீங்க

ஃபுல் டேங்க் போட்டு வெகுதூரம் ஓட்டியும் முள் அசையாது. பாதிக்குக் கீழே வந்ததும் சரசரவென இறங்கும். இது கோளாறு இல்லை. டேங்குக்குள் கம்பி நுனியில் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்க, மின்தடை மாறும். முள் காட்டுவது அதைத்தான். அதாவது அளப்பது மட்டத்தை, லிட்டரை அல்ல. பல கார்களில் டேங்க் கோணல்மாணலாக இருப்பதால் பாதி உயரம் என்றால் பாதி பெட்ரோல் என்று ஆகாது. நிரம்பிய டேங்கில் மிதவை மேலே முட்டி நிற்கும், கொஞ்சம் செலவான பிறகே இறங்கும். மலைப்பாதைச் சரிவில் கணக்கு இன்னும் தப்பும். சமதரையில் நிறுத்திப் பாருங்கள்.

ஃபுல் டேங்க் போடும்போதெல்லாம் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். மைலேஜ் தெரிந்தால் மீதியை நீங்களே கணக்கிடலாம். கால் டேங்க் ஆனதும் பங்க்குக்குப் போய்விடுங்கள்: டேங்குக்குள் இருக்கும் பம்ப் சூடாகாமல் காப்பதே அந்தப் பெட்ரோல்தான்.