காத்திருந்த மாதங்களில் எனக்கு உதவியது

குவைத்திலிருந்து திரும்பி 9 மாதம். வேலை இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் கை தானாகவே போனை எடுத்து மெயில் பார்க்கும். (அதை ஜெபம் என்று சொல்லவே கூடாது.)

குலசேகரத்தில் எங்கள் ரப்பர் விளையில் வைத்து அப்பா சொன்னார்: "மக்களே, இதை நட்டு 7 வருசம் கழிச்சுதான் பால் வெட்டத் தொடங்கினேன். தெனமும் தோண்டியா பாத்தேன்?"

மறுநாளிலிருந்து விடியுமுன் அவரோடு பால் வெட்டப் போனேன். மெயில் சாயங்காலம் ஒரே தடவை. ஞாயிறு தோறும் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. கிறிஸ்தவ விசுவாசத்தை விடாத தேவசகாயம் 1752-இல் சுடப்பட்ட இடம். புனிதர் பட்டம் 2022-இல்தான். 270 வருசம்! அங்கே உட்கார்ந்து, "எப்போ ஆண்டவரே?" என்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு என்ன?" என்று மட்டும் கேட்கப் பழகினேன்.

வேலை இன்னும் வரவில்லை. தூக்கம் வருகிறது. மழைக்கு முன்னால், வெட்டும் இடம் நனையாமலிருக்க மரங்களுக்கு பிளாஸ்டிக் கட்டணும்.