ஜப்பானில் மொழியாசிரியர் கூட்டத்தில் முதல் உரை: எப்படித் தயாராவது?

ஜப்பானில் மொழி கற்பிப்பவர் தம் வகுப்பனுபவத்தைச் சக ஆசிரியர்கள் முன் வைக்க வாய்ப்புகள் நிறையவே உண்டு. ஜால்ட் என்ற மொழியாசிரியர் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உள்ளன. அச்சங்கம் இலையுதிர் காலத்தில் பெரிய ஆண்டு மாநாட்டையும் நடத்துகிறது. கல்லூரி ஆங்கில ஆசிரியர்களுக்கென 1962-இல் தொடங்கப்பட்ட ஜாசெட் சங்கம் தனியே இயங்குகிறது. முதன்முறை பேசுபவர் மாநாட்டை விட்டுவிட்டுக் கிளைக் கூட்டத்திலிருந்து தொடங்குவதே நல்லது. அதிலும், பல ஆசிரியர்கள் ஆளுக்கொரு வகுப்புப் பயிற்சியைக் கொண்டுவந்து பகிரும் 'மை ஷேர்' அமர்வு கிடைத்தால் தயங்காமல் பெயர் கொடுங்கள்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கோட்பாட்டிலிருந்து கீழே இறங்கி வராதீர்கள். கடந்த பருவத்தில் உங்கள் வகுப்பில் எது தடுக்கியது, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். 'பேச்சுத்திறன் வளர்த்தல்' என்ற தலைப்பைக் கேட்டு எவரும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வரமாட்டார். 'வாய் திறக்காத 40 பேர், 50 நிமிடம்: நடுநிலைப்பள்ளியில் ஒரு பேச்சுப் பயிற்சி' என்று எழுதினால், அதே சிக்கலில் இருப்பவர் கட்டாயம் வருவார். பேச வாய்ப்புக் கேட்டு அனுப்பும் முன்மொழிவிலும் இதே ஒழுங்கைப் பின்பற்றி, எந்த வகுப்பு, என்ன சிக்கல், வந்தவர் எதைக் கையோடு எடுத்துச்செல்வார் என்ற மூன்றையும் முதல் சில வரிகளிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்க வருபவர்கள் ஒரே வகையினர் அல்லர் என்பதை மறந்தால் உரை பாதி அறைக்குத்தான் போய்ச்சேரும். தொடக்கப்பள்ளியில் 2020 முதல் 5, 6-ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் ஆண்டுக்கு 70 பாடவேளை கொண்ட முறையான பாடமாகிவிட்டதால், ஆங்கிலம் கற்பிக்கவென்று பயிற்சி பெறாத வகுப்பாசிரியர்களும் உங்கள் கூட்டத்தில் இருக்கலாம். அவர்களுக்குப் பக்கத்தில் ஏ.எல்.டி. எனப்படும் துணை மொழியாசிரியரும், 90 நிமிட வகுப்பு எடுக்கும் பல்கலைக்கழக ஆசிரியரும், தனியார் உரையாடல் பள்ளியில் ஆறு பேருக்குக் கற்பிப்பவரும் அமர்ந்திருப்பார்கள். ஆகவே உங்கள் பயிற்சியைச் சிறிய வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் எப்படி மாற்றுவது என்பதற்கு ஒரு ஸ்லைடு கட்டாயம் ஒதுக்குங்கள்.

உரையின் பாதி நேரத்தையாவது வந்தவர்கள் தாமே செய்துபார்ப்பதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பரவலாக அறியப்பட்ட 4-3-2 பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஒரே செய்தியை முதல் துணைவரிடம் 4 நிமிடமும், அடுத்தவரிடம் 3 நிமிடமும், மூன்றாமவரிடம் 2 நிமிடமும் சொல்ல வேண்டும். இதை ஸ்லைடில் விளக்கினால் எல்லோரும் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். மாறாக, நேரத்தை 90, 60, 45 விநாடிகளாகக் குறைத்து, வெளிநாட்டு ஆசிரியர்களை ஜப்பானிய மொழியிலும் ஜப்பானிய ஆசிரியர்களை ஆங்கிலத்திலும் பேசச் சொல்லுங்கள். முதல் சுற்றில் 'ஆனோ... ஆனோ...' (நம் 'அது வந்து...' போல) என்று இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்த ஒருவர், மூன்றாம் சுற்றில் அதே கதையைத் தங்குதடையின்றி முடிப்பதை அறையே பார்க்கும். தம் மாணவர் ஏன் மௌனமாக இருக்கிறார் என்பது அவருக்கு அப்போது உடம்பிலேயே உறைக்கும். எத்தனை ஸ்லைடு போட்டாலும் அந்த உணர்வைத் தர முடியாது.

ஒத்திகைக்கு, 2003-இல் டோக்கியோவில் தோன்றிய பெச்சாகுச்சா முறை மிகவும் உதவும். இருபது ஸ்லைடுகள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. உங்கள் விளக்கப்பகுதி இதற்குள் அடங்கவில்லையென்றால், எங்கோ தேவைக்கு மேல் பேசுகிறீர்கள் என்று பொருள். மாணவர் முகம் தெரியும் படங்களை, பள்ளியின் அனுமதியின்றி எந்த ஸ்லைடிலும் சேர்க்காதீர்கள். மடிக்கணினிக்கான இணைப்பியை நீங்களே கொண்டுசெல்லுங்கள்.

கடைசியில் 'கேள்விகள் உண்டா?' என்று கேட்டால் பெரும்பாலும் அமைதியே நிலவும். ஆர்வமில்லை என்று எண்ணி மனம் தளர வேண்டாம். பலர் முன் தனியாகக் கை தூக்குவதற்கான தயக்கம்தான் அது. பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசி, இருவருமாக ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சீட்டுகள் வந்து குவியும். நேரம் போதாமல் மிஞ்சியவற்றுக்குப் பின்னர் மின்னஞ்சலில் பதில் எழுதலாம். சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுவது மிக அவசியம், ஏனெனில் வாடகை அறையை மணி தவறாமல் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்குமுன் மேசை நாற்காலிகளையும் இருந்த இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். மேசை தூக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான், உள்ளே வாய் திறக்காத ஆசிரியர் உங்கள் அருகே வந்து தம் வகுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். அவசரப்படாமல் நின்று கேளுங்கள்.

அன்றிரவே அந்தச் சீட்டுகளைப் பிரித்து, எந்த இடம் புரியவில்லை என்று குறித்துக்கொண்டு பயிற்சியைத் திருத்துங்கள். திருத்திய வடிவத்தை ஜால்ட் வெளியிடும் 'தி லாங்குவேஜ் டீச்சர்' இதழின் 'மை ஷேர்' பகுதிக்கு எழுதி அனுப்பலாம்.